படிப்புக் கங்காணி

மானுட நாகரிகத்தின் நெடும் பயணத்தில் கல்வி மூன்றே மூன்று முறைதான் அடியோடு மாறியிருக்கிறது. எழுத்து பிறந்தபோது ஒரு முறை. அச்சு வந்தபோது ஒரு முறை. நோர்வூட்டுக்கு மேலே, பிராக்கன்ஹில் தோட்டத்துத் தமிழ் வித்தியாலயத்தில், அதிபர் கஜேந்திரன் ரிப்பன் வெட்டியபோது ஒரு முறை.

இதைச் சொன்னவர் அதிபர் கஜேந்திரனேதான். சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்கு மேலே பதாகை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 'தலைகீழ் வகுப்பறை' என்று எழுதியிருந்ததால் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த தொண்டு நிறுவனத்து அம்மணி அதைப் பல கோணங்களில் படம் பிடித்து, இந்த மலையில் இப்படியொரு கற்பனை வளமா என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வியந்தார். பதாகையைக் கட்டிய பாடசாலைக் காவல்காரர் மட்டும் அன்று முழுவதும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெற்றோர்கள் முதலாம் தரத்துப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல் வந்தவர்கள். அதிபர் மைக்கை இன்னும் சற்று வாயருகே கொண்டுபோனார்.

"விசயம் ரொம்ப லேசு. இவ்வளவு நாளா என்ன செஞ்சோம்? பள்ளிக்கூடத்துல பாடம், வீட்டுல பயிற்சி. இனிமே பாடத்த வீட்டுல போன்ல பாத்துட்டு வருவாங்க. பயிற்சிய இங்க செய்வாங்க. சின்ன வகுப்பு, பெரிய வகுப்புன்னு பிரிவும் கெடையாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து, பெரியவங்க சின்னவங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. நாங்க பக்கத்துல நின்னு வழிகாட்டுவோம்."

"அப்ப வீட்டுல பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துல வீடு," என்றாள் பின்வரிசையில் வீரம்மா. "சோறு எங்கங்க சார் ஆக்குறது?"

மண்டபம் சிரித்தது. அதிபரும் சிரித்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சிப் பட்டறையில், பெற்றோரின் எதிர்ப்பைப் புன்னகையால் வெல்வது எப்படி என்று அரை நாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சிரிக்காமல் இருந்தவள் பூரணி ஒருத்திதான். அவள் மகள் லோஜினி பதினோராம் தரத்தில் படித்தாள். அந்த வருடக் கடைசியில் ஓ.எல். பரீட்சை. மற்றப் பாடங்களில் பயமில்லை. கணக்கில்தான் பயம், ஏனென்றால் கணக்குக்கு ஆசிரியரே இல்லை. இருந்த ஒருவர் போன வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரோடு போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கில் சித்தி, அதாவது தேர்ச்சி, இல்லையென்றால் ஹட்டனில் ஏ.எல். படிக்க எடுக்கமாட்டார்கள். ஏ.எல். இல்லையென்றால் என்ன என்பதைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொழுந்துக்கூடை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறது.

பூரணி எழுந்தாள். "சார், கணக்குக்கு டீச்சர் எப்ப வருவாங்க?"

"நல்ல கேள்வி," என்றார் அதிபர். "இனிமே அந்தக் கவலையே வேண்டாம்மா. டீச்சர் போனுக்குள்ளயே வந்துட்டாங்க."

கஜேந்திரனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கணக்கு ஆசிரியர் கேட்டு அவர் எழுதாத கடிதமில்லை, ஏறாத அலுவலகப் படியில்லை. எதற்கும் பதில் வந்ததில்லை. அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து மேலிடத்திலிருந்து அந்தப் பாடசாலைக்கு வந்த முதல் பொருள் இந்தப் பதாகைதான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக்கேட்டுச் சலித்தவன் கையில் வெறும் கோப்பையைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான் அல்லவா? அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்தில் முதல் சிக்கல் போன். இருந்த போன்கள் எல்லாம் பேச மட்டும் தெரிந்தவை. படம் காட்டத் தெரிந்தவை பெரும்பாலும் கொழும்புக்குப் போய்விட்டன, அவற்றின் சொந்தக்காரர்களோடு. லோஜினியின் அப்பா பெரியதம்பியும் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் இருந்தார், போனும் அவரோடுதான். மிஞ்சியது தோட்டத் தலைவர் அழகுமுத்துவின் போன். தொழிற்சங்கத்துக்காரர் என்பதால் அவருடைய போன் அகலமானது. இரண்டாவது சிக்கல் சிக்னல். அது பிள்ளைக்காம்பராவின் விறாந்தையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மூலையில் மட்டும்தான் கிடைத்தது. தாய்மார் கொழுந்துக்குப் போனால் பகலில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது; மாலையில் வெறுமையாகக் கிடக்கும்.

அழகுமுத்து விறாந்தையில் எல்லோரையும் கூட்டி, அதிபர் சொன்னதைத் தோட்டத்துக்குப் புரியும்படி சொன்னார்.

"இது ஒண்ணும் புதுசு இல்ல. தொரைக்குச் சொந்தமா ஆள் வச்சுச் செய்ய முடியலன்னா என்ன செய்வாரு? கொந்தரப்புக்கு விடுவாரு. இந்த மலையில புல்லு வெட்டி முடிச்சுக் குடுன்னு ஒருத்தங்கிட்ட ஒப்படைச்சிருவாரு. எப்புடி வெட்டுறான், யார வச்சு வெட்டுறான், கேக்கமாட்டாரு. இப்பப் படிப்பையும் கொந்தரப்புக்கு விட்டுட்டாங்க. அவ்வளவுதான். கொந்தரப்புன்னா நின்னு வேல வாங்க ஒரு கங்காணி வேணும்."

எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகத் திரும்பின.

"நானா?" என்றாள் லோஜினி.

"வேற யாரு இருக்கா? நீதானே பெரிய வகுப்பு. இன்னையிலேருந்து நீதான் படிப்புக் கங்காணி."

பூரணி வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டலுக்கு நடுவே ஒரு தாய் எப்படி மறுப்பாள்? அவளும் மெல்லத் தட்டினாள்.

மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் லயத்துக்கு வரும் நேரத்தில் பிள்ளைகள் விறாந்தையில் வந்து குந்துவார்கள். முதலாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை எல்லா உயரத்திலும் இருப்பார்கள். ஒன்பதுக்கு மேலே படிக்கிறவள் அந்த லயத்தில் லோஜினி ஒருத்திதான். போனைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்த்து வைப்பார்கள். முறை என்னவென்றால் சின்னதிலிருந்து பெரிது. சின்னதுகள் சீக்கிரம் தூங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு முதலில். இதுவும் அழகுமுத்துவின் ஏற்பாடுதான். நியாயமான ஏற்பாடு. யாரும் குறை சொல்ல முடியாது.

போனுக்குள் இருந்த ஆசிரியர் வடக்குப் பக்கத்தவர். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார்.

"பிள்ளையள், இப்ப வடிவாய்ப் பாருங்கோ. விளங்குதோ?"

"இல்லீங்க சார்," என்றாள் முதலாம் தரத்துக் கேஷிகா, போனைப் பார்த்து மரியாதையாக.

"நல்லது. அப்ப அடுத்ததுக்குப் போவம்," என்றார் போனுக்குள் இருந்தவர்.

ஆறாம் தரத்துத் திலக்ஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இவரு நம்ம அதிபர் மாதிரியே இருக்காரு. நாம சொல்றது காதுல விழல."

"வாய மூடுடா," என்று சொல்லிவிட்டு லோஜினி போனை நிறுத்தினாள். அவர் சொன்னதைத் தன் லயத்துத் தமிழில் திருப்பிச் சொன்னாள். புரியாதவர்களுக்கு இன்னொரு முறை. புரிந்தவர்கள் தூங்கிவிடாமல் இருக்க ஒரு கணக்கு. அவளுக்கு அது நன்றாக வந்தது. அவளுடைய துரதிர்ஷ்டம் அங்கேதான் தொடங்கியது. மோசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் கங்காணி வேலை போயிருக்கும்.

சின்னவர்கள் முடிந்து, நடுத்தரத்தவர்கள் முடிந்து, ஒன்பதாம் தரத்தவர்களும் எழுந்து போகும்போது லயத்தில் அடுப்புப் புகை அடங்கியிருக்கும். அப்போதுதான் பதினோராம் தரத்துக் கணக்கைத் தொடுவாள். பாடம் வட்டம். போனின் நடுவே ஒரு வட்டம் வந்து சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். டேட்டா முடிந்திருக்கும், அல்லது சார்ஜ் முடியப்போகும், அல்லது அழகுமுத்து படியேறி வந்து, "ஆயி, போன் வேணும். ஆபீஸ்லேருந்து பேசுவாங்க," என்று கையை நீட்டுவார். அவள் கொடுத்துவிடுவாள். கங்காணிக்குச் சம்பளம் இல்லாத கொந்தரப்பு இது ஒன்றுதான்.

பாடசாலையில் நிலைமை இன்னும் சீர்பட்டிருந்தது. கரும்பலகைகள் எல்லாவற்றையும் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு வாங்குகளை வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் எல்லா வயதுப் பிள்ளைகளும். பதினோராம் தரத்தவர்கள் மொத்தமே ஒரு கைப்பிடி. அவர்களுக்கு 'வழிகாட்டி' என்று நெஞ்சில் அட்டை. காலையில் வழிகாட்டி, மாலையில் கங்காணி. மாணவியாக இருக்கத்தான் லோஜினிக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஒரு நாள் இடைவேளையில் அதிபரின் அறைக்குப் போனாள்.

"சார், எங்களுக்குக் கணக்கு மட்டும் பழைய மாதிரி யாராச்சும் சொல்லித் தந்தா நல்லாயிருக்கும் சார்."

கஜேந்திரன் வரலாறு படித்தவர். கண்டி ராஜ்ஜியம் எப்படி விழுந்தது என்று கேட்டால் மழை விடும்வரை சொல்வார். கணக்கில் அவருக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

"அதுதான் இந்த முறையோட அழகே. சந்தேகத்தக் கேளு. சந்தேகத்தத் தீக்கத்தானே வகுப்பு?"

"எல்லாமே சந்தேகம் சார்."

"எல்லாமே சந்தேகம்னா அது சந்தேகம் இல்லம்மா. நீ பாடத்தப் பாக்கல."

"பாக்க முடியல சார். என் முறை வரும்போது..."

"முடியலன்னு சொல்லாத. ஒரு வழிகாட்டி வாயிலேருந்து அந்த வார்த்த வரலாமா? சின்னப் பிள்ளைங்க காதுல விழுந்தா என்ன ஆகும்?"

அவள் வெளியே வந்தாள். சின்னப் பிள்ளைகள் யார் காதிலும் விழவில்லை.

ஆரம்ப வகுப்பு ஆசிரியை ஜெயந்தினி அறை வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று மாலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் பூரணியை மலையோரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. புதுசா கணக்கு டீச்சர் ஒருத்தங்க நம்ம பக்கத்துக்கு வந்திருக்காங்க. எந்தப் பள்ளிக்கூடம்னு இன்னும் முடிவாகல. அடுத்த கெழம கல்விப் பணிப்பாளர் நம்ம பள்ளிக்கூடத்தப் பாக்க வர்றாரு. அவரு கையிலதான் இருக்கு. பெத்தவங்க நீங்க வாய் தெறந்து கேட்டீங்கன்னா ஒருவேள குடுப்பாரு."

"பரீட்சைக்குள்ள வந்துருவாங்களா டீச்சர்?"

"இப்ப வந்தாக்கூட நாலு மாசம் இருக்கு. லோஜினி பிடிச்சுருவா."

பூரணி அந்த நாலு மாதத்தை இரவெல்லாம் மனதில் வைத்து உருட்டினாள். விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அழகுமுத்துவைப் பிடித்தாள்.

"தலைவரே, பணிப்பாளர் வர்றப்ப நாம நாலு பேரு போயி நின்னு, எங்களுக்குக் கணக்கு டீச்சர் இல்லன்னு சொல்லிறணும்."

அழகுமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? பெரிய தொர வர்ற அன்னைக்கு என்ன செய்வோம்? ரோட்டோரத்து மலையச் சுத்தம் பண்ணி, நல்ல கொழுந்தா நிக்கிற எடத்துல ஆள எறக்கி, சிரிச்ச மொகமா நிப்போம். குறை தெரியக் கூடாது. குறை தெரிஞ்சா குறை சொன்னவன் தலையிலதான் விழும். கூரை ஒழுகுதுன்னு தொரைகிட்ட நேரா சொன்னாரே இராமையா, என்ன கெடச்சுது? கூரை மாறிச்சா? அவருக்குத்தான் மலை மாறிச்சு. அட்டைக்கடியில செத்தாரு மனுசன்."

"இவரு தொர இல்லையே. பள்ளிக்கூடத்து ஐயா."

"கார்ல வர்றாருல்ல? அப்ப தொரதான். முதல்ல அவரு மனசக் குளிர வை. பிள்ளைங்க படிக்கிற அழகப் பாத்து அசந்து போகட்டும். போறப்ப மெதுவா ஒரு வார்த்த கேளு. மனசு குளிர்ந்தவன் இல்லேன்னு சொல்லமாட்டான்."

இது அந்த மலைகளில் ஒன்றரை நூற்றாண்டாக வேலைசெய்து பார்த்த அறிவு. துரைமார் விஷயத்தில் பொய்த்ததே இல்லை. பூரணி யோசித்தாள். சரியாகத்தான் பட்டது. முதலில் காட்டுவது, பிறகு கேட்பது.

அந்த வாரம் லயம் ஒரு துரை வருகைக்குத் தயாராவதைப் போலத் தயாரானது. பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய், காலுக்குச் சப்பாத்து. சப்பாத்து இல்லாதவர்கள் நடு வரிசைக்கு. மறக்கக்கூடிய பிள்ளைகளுக்கு வாயைத் திறக்க வேண்டாமென்று உத்தரவு. வீடியோ பார்க்காத பிள்ளையிடம் யாராவது, பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கடைசியில் பூரணி தானே விறாந்தையில் உட்கார்ந்து மகளை ஒத்திகை பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் சிரிச்ச மொகமா சொல்லு," என்றாள். "திக்காம சொல்லு. தெரியாதவ மாதிரி நிக்காத."

பணிப்பாளர் வந்தார். அதிகம் பேசாத, அலுப்பான மனிதர். காலையிலிருந்து ஒழுகும் கூரைகளையும் கதவில்லாத மலசலகூடங்களையும் பார்த்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு பாடசாலையிலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இல்லை, இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். பிராக்கன்ஹில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் சந்தனம், குங்குமம், மாலை. பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். யாரும் எதுவும் இல்லையென்று சொல்லவில்லை.

லோஜினி ஒரு ரொட்டியைக் கையில் எடுத்தாள்.

"இது ஒரு ரொட்டி. கேஷிகா, ரெண்டு பேருக்குப் பிச்சுக் குடு." கேஷிகா பிய்த்தாள். "இப்ப ஒன் கையில இருக்கிறது என்ன?"

"பாதி."

"அஞ்சாம் வகுப்பு, அந்தப் பாதிய நாலுல எத்தனைன்னு சொல்லலாம்?"

"நாலுல ரெண்டு!" என்று ஒரு கூட்டம் கத்தியது.

"சரி. கேஷிகா, ஒன் பாதிய இங்க வை. திலக்ஷன் பாக்காத நேரத்துல அதுல கொஞ்சம் தின்னுட்டான். எவ்வளவுன்னு தெரியாது. அதுக்கு எக்ஸ்னு பேரு வைப்போம். மிச்சம் கால் ரொட்டிதான் இருக்கு. எட்டாம் வகுப்பு, எக்ஸ் எங்க?"

"என் வயித்துல அக்கா," என்றான் திலக்ஷன். இது ஒத்திகையில் இல்லாதது.

பணிப்பாளர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அதிபர் சிரித்தார். அதிபர் சிரித்ததைப் பார்த்து மண்டபமே சிரித்தது. ஒரு ரொட்டி, மூன்று வயதுகள், ஒரே பாடம். கதவோரத்தில் நின்ற பூரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் என் வயிற்றிலா பிறந்தாள் என்று நினைத்தாள். கேட்கவேண்டியது என்ன என்பதுகூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

"இந்தப் பாடசாலையின் கணித ஆசிரியர் யார்?" என்று பணிப்பாளர் கேட்டார்.

கஜேந்திரன் முன்னால் ஒரு அடி வைத்தார். அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உண்மையைத்தான் சொன்னார். "இல்லை சார். ஆசிரியர் இல்லாமலேயே இதைச் சாதித்திருக்கிறோம்."

பணிப்பாளர் தலையை நீண்ட நேரம் ஆட்டினார்.

அவர் காருக்குப் போகும் வழியில் பூரணி நின்றிருந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கைகூப்பினாள். அழகுமுத்து பக்கத்தில் நின்றார், தேவைப்பட்டால் தாங்கிப் பேச.

"ஐயா, ஒரு வார்த்தைங்க."

"சொல்லுங்கம்மா."

"ரொட்டி வச்சுச் சொல்லிக் குடுத்தது என் மகதாங்க."

"அப்படியா! நீங்க பெருமைப்படணும் அம்மா."

"அவ இந்த வருசம் ஓ.எல். எழுதுறாங்க. அவளுக்குக் கணக்குத் தெரியாதுங்க ஐயா. எங்களுக்கு ஒரு கணக்கு டீச்சர் வேணும்ங்க."

பணிப்பாளர் அதிபரைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். "எவ்வளவு அடக்கம் பாருங்க."

"அடக்கம் இல்லீங்க ஐயா. நெசமாத்தான். சின்ன வகுப்புக் கணக்குத் தெரியும். அவ வகுப்புக் கணக்குத் தெரியாது. சொல்லிக் குடுக்க யாரும் இல்லீங்க."

"அம்மா," என்றார் பணிப்பாளர், அன்று முதல் தடவையாக மனம்விட்டு. "ஒளிக்காமச் சொல்றேன். ஒரு கணக்கு டீச்சர் வந்திருக்காங்க. காலையில பொறப்படும்போது இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் குடுக்கணும்னு நெனச்சேன். ஆனா இப்பக் கண்ணால பாத்துட்டேனே. ஒண்ணுமே இல்லாம தவிக்கிற எடம் எத்தனை இருக்கு? உங்களுக்கு இருக்கு. இல்லாதவங்களுக்குக் குடுக்கிறதுதானே நியாயம்?"

நியாயம் என்ற சொல்லைக் கேட்டதும் அழகுமுத்துவின் தலை பழக்கத்தில் ஆடிவிட்டது. பூரணி அவரைப் பார்த்தாள். ஆடிய தலை பாதியில் நின்றது.

"எங்களுக்கும் இல்லீங்க ஐயா. நாங்க... இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னுதான் இப்புடி..."

"கவலப்படாதீங்க. உங்க மக எங்கயோ போயிருவா," என்றார் பணிப்பாளர். கார் கதவு மூடியது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மனம் உண்மையாகவே குளிர்ந்திருந்தது.

மாலையில் லயத்துக்கு ஏறும் வழியில் லோஜினி மூச்சு வாங்கக் கேட்டாள். "கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நீ நல்லாச் சொல்லிக் குடுக்குறியாம்."

அன்றும் விறாந்தையில் பிள்ளைகள் வந்து குந்திவிட்டார்கள். கேஷிகா மிச்ச ரொட்டியைக் கேட்டாள்.

பரீட்சை நோர்வூட்டில் நடந்தது. கணக்குத் தாளன்று லோஜினி மற்றவர்கள் எழுந்து வரும்வரை உட்கார்ந்திருந்தாள். முதல் பக்கத்தில் பின்னமும் வீதமும் வந்திருந்தன; அவற்றை அழகான கையெழுத்தில் செய்தாள். வட்டத்தில் தொடுகோடு, நிகழ்தகவு என்று வந்த இடங்களில் கேள்வியை மட்டும் எழுதி, கீழே கோடு போட்டு, இடம் விட்டுவைத்தாள். வெளியே வந்தவளைப் பூரணி கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பனிஸ் வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை அவள் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாளே தவிர, சாப்பிடவில்லை.

முடிவு வந்தபோது தமிழில் ஏ, சமயத்தில் ஏ, வரலாற்றில் பி, கணக்கில் டபிள்யூ. டபிள்யூ என்றால் சித்தியில்லை. அதிபர் கூப்பிட்டனுப்பி ஆறுதல் சொன்னார்.

"மனசத் தளரவிடாத. தனிப்பட்ட பரீட்சார்த்தியா திரும்ப எழுதலாம். வீடியோ எல்லாம் இருக்கு, நிதானமா பாரு."

"சரிங்க சார்."

"ஒரு விசயம் மட்டும் புரிஞ்சுக்க. முறை தோக்கல."

"இல்லீங்க சார். நான்தான்," என்றாள் லோஜினி. அதிபருக்கு அது பிடித்திருந்தது.

பெரியதம்பி கொழும்பிலிருந்து போனில் பேசினார். அழகுமுத்துவின் போன்தான். "புள்ளைய ஏசாத," என்றார். "நான் கடையில கேட்டுப் பாக்குறேன், பாத்திரம் கழுவ பொம்பள ஆள் எடுக்கிறாங்களான்னு." பூரணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் லோஜினி அம்மாவுக்குப் பின்னால் மலைக்கு ஏறினாள். பேர் பதியவில்லை, கைக்காசுக்கு. எடுத்த கொழுந்துக்கு அன்றன்றைக்குக் காசு. கொஞ்ச நாளைக்குத்தான் என்று பூரணி கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள், ஆமா ஆமா, கொஞ்ச நாளைக்குத்தானே என்றார்கள். அவர்களும் கொஞ்ச நாளைக்கென்று வந்தவர்கள்தான்.

வெள்ளைச் சீருடைகள் இரண்டையும் வீரம்மாவின் மகளுக்குக் கொடுத்தாயிற்று. அவள் ஒன்பதாம் தரம். பிள்ளைக்காம்பராவில் இப்போது அவள்தான் படிப்புக் கங்காணி.

மாகாண மட்டத்தில் சிறந்த புத்தாக்கப் பாடசாலைக்கான விருது பிராக்கன்ஹில்லுக்குக் கிடைத்தது. விழா ஹட்டனில், ஒரு கல்யாண மண்டபத்தில். கொழும்பு அம்மணி வந்தார், பணிப்பாளர் வந்தார். அழைப்பிதழில் 'சிறந்த மாணவ வழிகாட்டி, கணிதம்' என்று லோஜினியின் பெயர் அச்சாகியிருந்தது. விழா மாதக்கணக்கில் தள்ளிப்போயிருந்தது; அச்சாகும்போது முடிவு வெளியாகியிருக்கவில்லை. வெளியான பிறகு மாற்றக் காசில்லை.

அதிபர் தானே மலைக்கு ஏறி வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. கொழுந்துக்கூடையை இறக்காமலே லோஜினி கேட்டுக்கொண்டாள்.

"நான் இப்ப பள்ளிக்கூடத்துல இல்லையே சார்."

"அது எதுக்கு மேடையில? சீருடையில வந்து வாங்கிட்டுப் போ. அஞ்சு நிமிசம்."

"அவளுக்கு ஒரு நாள் கைக்காசு போகுமே," என்றாள் பூரணி. குரலில் கோபம் இல்லை. கேட்க வேண்டியது என்று கேட்டாள்.

அதிபர் சேற்றைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பெருமைம்மா," என்றார்.

லோஜினி போகிறேன் என்றாள். ஏன் சொன்னாள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. வீரம்மாவின் மகளிடமிருந்து தன் பழைய சீருடையை ஒரு நாளைக்குத் திருப்பி வாங்கினாள். கவுனை அந்தப் பிள்ளையின் அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தார்கள். லோஜினிக்கோ, மலையேறிக் கூடை சுமந்த மாதங்களில் தோளும் முதுகும் அகன்றுவிட்டிருந்தன.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். படம் பிடிக்க எல்லாப் போன்களும் உயர்ந்தன. பணிப்பாளர் கேடயத்தைக் கையில் கொடுத்து, "இப்ப எங்க படிக்கிறீங்க?" என்று கேட்டார். மைக் பக்கத்தில் இருந்தது. அவள், "நோர்வூட் பக்கந்தாங்க ஐயா," என்றாள். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் கஜேந்திரன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று தட்டினார்.

பிறகு அவள் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சபையைப் பார்த்தபடியே, ஒரு முறைகூடத் திரும்பாமல், பின்பக்கமாக அடிவைத்து மேடையின் ஓரம்வரை போய், சுவரில் முதுகை உரசிக்கொண்டு படியிறங்கினாள். இந்த மரியாதையை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பார்க்க முடியாது என்று கொழும்பு அம்மணி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கவுனுக்குப் பின்னால் ஜிப் ஏறவில்லை.